மலையில்லாத கரையில் மலையேறிய கதை

போன வருஷம் சென்னையில் இருக்கும் நண்பர் ஒருவர் போன் பண்ணினார். "கடல் தெரியுற மாதிரி ஒரு மலை ஏறணும். கொஞ்சம் பழைய வரலாறும் இருக்கணும். உங்க தூத்துக்குடி பக்கம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். யோசிக்காமலே இல்லை என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஊர் தட்டை. துறைமுகத்துப் பக்கம் நின்று பார்த்தால் உப்பளம், உப்பளத்தைத் தாண்டி உடைமரம், அதையும் தாண்டி வானம். உயரமாகக் கண்ணில் படுவது அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிதான்.

அன்று சாயங்காலம் மாமாவிடம் இதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். அம்மாவின் மூத்த அண்ணன். எழுபத்தேழு வயது. முப்பது வருஷத்துக்கு மேல் வள்ளத்தில் கடலுக்குப் போனவர். முதலில் பாய், பிறகு எஞ்சின். நான் சொன்னதைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார்.

"மலை இல்லாமயா மருமவனே நாங்க இத்தன வருசம் கடலுக்குப் போனோம்? மலைய வச்சுதான கரைக்கே வந்தோம்?"

எனக்குப் புரியவில்லை. எந்த மலை என்று கேட்டேன். "நீ கரையில நிக்க. உனக்குத் தெரியாது. கடல்ல இருந்து பாத்தாதான் மலை" என்றார்.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட ஒரு வருஷம் அலைந்தேன். கொஞ்சம் படித்தேன், கொஞ்சம் கணக்குப் போட்டேன், மூன்று மேடுகளில் ஏறினேன். நண்பருக்குச் சொன்ன பதில் தப்பு என்று தெரிந்துகொண்டேன். அதற்கான குறிப்புதான் இது.

கடலிலிருந்து எவ்வளவு தெரியும்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பூமி உருண்டையாக இருப்பதால் தூரத்தில் இருப்பது அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். ஒரு பொருளின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால், கடல் மட்டத்திலிருந்து பார்ப்பவருக்கு அது எத்தனை கிலோமீட்டர் வரை தெரியும் என்று வரும். பார்ப்பவர் வள்ளத்தில் எழுந்து நின்றால் அவர் கண் 2 மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்காக இன்னொரு 5 கிலோமீட்டர் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கரையில் நிற்கும் ஒரு பனைமரம் 16 மீட்டர் என்று வைப்போம். அது 14 கிலோமீட்டர். படகுக்காரர் கண்ணுக்கு 5. மொத்தம் 19 கிலோமீட்டரில் பனை முழுசாக முங்கிவிடும். திருச்செந்தூர் கோபுரம் 137 அடி, அதாவது சுமார் 42 மீட்டர். அது சுமார் 28 கிலோமீட்டர் வரை தாங்கும். பணகுடிக்கு மேற்கே நிற்கும் மகேந்திரகிரி 1600 மீட்டருக்கு மேல். அதன் கணக்கு 143 கிலோமீட்டர். அகத்தியர் மலை, அதாவது பொதிகையின் உச்சி, 1860 மீட்டருக்கு மேல். அது 150-ஐத் தாண்டிவிடும்.

தூத்துக்குடியிலிருந்து அகத்தியர் மலை நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கரையிலிருந்து 20 கிலோமீட்டர் கடலுக்குள் போனாலும் 120-க்குள்தான் வரும். ஆக, காற்று தெளிவாக இருக்கும் நாளில், கரையும் பனையும் முங்கிப்போன இடத்திலிருந்து பார்த்தாலும் மேற்கே மலை நிற்கும். கரையில் நிற்கிற எனக்கு முன்னால் கட்டடமும் மரமும் மறைக்கின்றன. மாமாவுக்கு மறைக்க ஒன்றும் இல்லை. "கடல்ல இருந்து பாத்தாதான் மலை" என்பதன் பாதி அர்த்தம் இதுதான்.

இரண்டு அடையாளம்

மீதிப் பாதி இன்னும் சுவாரசியமானது.

முத்துச்சிப்பி கிடைப்பது கடலின் எல்லா இடத்திலும் இல்லை. மணல் தரைக்கு நடுவே பாறைத் திட்டுகள் இருக்கும். அவற்றைப் 'பார்' என்பார்கள். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொலையிரம் பார் பெயர்போனது. சிப்பி ஒட்டி வளர்வதும் நல்ல மீன் கூடுவதும் பாரில்தான். பல பார்கள் கரையிலிருந்து 10, 20 கிலோமீட்டர் தள்ளி, பத்திருபது மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. மேலே இருந்து பார்த்தால் வெறும் தண்ணீர். நூறு மீட்டர் தவறினால் கல் மணலில்தான் விழும்.

அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கரையில் கிட்டத்தில் இருக்கும் ஒரு அடையாளத்தையும் அதற்குப் பின்னால் தூரத்தில் இருக்கும் ஒரு அடையாளத்தையும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வரும்படி வைத்துக்கொள்வது. கோவிலுக்கு நேர் பின்னால் மலை உச்சி வந்தால், வள்ளம் ஒரு குறிப்பிட்ட கோட்டில் இருக்கிறது என்று அர்த்தம். வேறு திசையில் இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் பார்.

இதில் மலை எதற்கு, கோவிலுக்குப் பின்னால் இருக்கும் ஒரு புளியமரம் போதாதா என்று எனக்குத் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணப்பாட்டுக்கு நேர் கிழக்கே 15 கிலோமீட்டரில் வள்ளம் நிற்கிறது என்று வைப்போம். மணப்பாட்டிலிருந்து மகேந்திரகிரி கிட்டத்தட்ட நேர் மேற்கே, சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது. வள்ளத்திலிருந்து கோவில் 15, மலை 75. இப்போது வள்ளம் பக்கவாட்டில் 100 மீட்டர் நகர்ந்தால், கோவிலும் மலையும் ஒன்றைவிட்டு ஒன்று 0.3 பாகை விலகும். முழுநிலவின் அகலத்தில் பாதிக்கு மேல். வெறும் கண்ணுக்கே நன்றாகத் தெரியும். புளியமரம் கோவிலுக்கு 1 கிலோமீட்டர் பின்னால் இருந்தால் விலகல் இதில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். ஆடுகிற வள்ளத்தில் நின்று அதைப் பார்க்க யாராலும் முடியாது.

அப்படியென்றால் இந்தக் கரைக்கு இரண்டும் வேண்டும்: கடலை ஒட்டி ஒரு சின்ன மேடு, அதற்குப் பின்னால் வெகு தூரத்தில் ஒரு பெரிய மலை. மணப்பாட்டு மேடும் மகேந்திரகிரியும் சேர்ந்துதான் ஒரு மலை. எங்கள் மாமா காலத்து வழக்கில் பார்த்தால் தூத்துக்குடிக் கரைக்கு மலை இருக்கிறது. அதன் அடிவாரம் கடற்கரையிலும் உச்சி மேற்குத்தொடர்ச்சி மலையிலும் இருக்கிறது, அவ்வளவுதான்.

பழைய கப்பல்காரர்கள் சொன்னது

இதை மனதில் வைத்துக்கொண்டு பழைய குறிப்புகளைப் படித்தால் சில விஷயங்கள் வேறு மாதிரி தெரிகின்றன.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடற் பயணம்' என்ற நூலை எழுதியவர் யாரென்று தெரியாது. ஆனால் வணிகத்துக்காகக் கடலில் போனவர் என்பது வரிக்கு வரி தெரியும். குமரியில் ஒரு துறை இருக்கிறது, துறவு கொண்டவர்கள் அங்கே வந்து நீராடுகிறார்கள் என்று சொல்கிறார். அதைத் தாண்டினால் 'கொல்கி', அங்கே முத்துக்குளிப்பு, தண்டனை பெற்ற கைதிகள் குளிக்கிறார்கள், அது பாண்டியன் நாடு என்கிறார். கொல்கி என்பது கொற்கை. இன்று அது கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊர். ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது.

அடுத்த நூற்றாண்டில் தாலமி எழுதிய புவியியலில் அதே கொல்கி ஒரு வணிகத் துறையாக வருகிறது. அதோடு 'சோலென்' என்று ஒரு ஆறும் 'பெட்டிகோ' என்று ஒரு மலையும் வருகின்றன. சோலென் தாமிரபரணி, பெட்டிகோ பொதிகை என்பது பொதுவாக ஒத்துக்கொள்ளப்பட்ட அடையாளம். கிரேக்கத்தில் சோலென் என்றால் ஒரு வகைச் சிப்பி. தாலமி அலெக்சாந்திரியாவில் உட்கார்ந்து மாலுமிகளின் தகவலை வைத்து எழுதியவர். கொற்கைக்கு வந்த மாலுமி பொதிகையில் ஏறியிருக்க மாட்டான். ஆனால் அந்த மலையின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போயிருக்கிறான். கடலிலிருந்து தினமும் கண்ணில் பட்ட ஒன்றின் பெயரைத்தானே கேட்போம்? இது என் ஊகம். கணக்கு இதற்கு இடம் கொடுக்கிறது.

வால்மீகி ராமாயணத்தில் கிஷ்கிந்தா காண்டத்தில் சுக்ரீவன் தென்திசைக்கு வழி சொல்லும்போது, பாண்டியர் நாட்டைத் தாண்டி மகேந்திர மலையைச் சொல்கிறான். அகத்தியர் அதைக் கடலுக்குள் கொண்டுபோய் நிறுத்தியதாக வருகிறது. அனுமன் இலங்கைக்குத் தாவியதும் அந்த மலையிலிருந்துதான். நம் மகேந்திரகிரியைத்தான் அது சொல்கிறதா என்பதில் ஆளுக்கொரு கருத்து. எனக்குப் பிடித்தது அந்தப் படிமம். பணகுடியில் நின்று பார்த்தால் மலைக்கும் கடலுக்கும் சம்பந்தமே இல்லை. கரை முங்கிய பிறகு வள்ளத்திலிருந்து பார்த்தால் மலை கடலுக்குள்ளிருந்தே எழும்பி நிற்கும்.

முதல் ஏற்றம்: தேரி

நான் முதலில் போனது குதிரைமொழித் தேரிக்கு. திருச்செந்தூருக்கு மேற்கே, தென்மேற்கே விரிந்து கிடக்கும் செம்மணல் மேடு. இதை மலை என்று சொன்னால் மலைநாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். ஏறிப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். ரெண்டடி வைத்தால் ஒரு அடி சறுக்கும். மணல் ரத்தச் சிவப்பு. மணற்துகளைச் சுற்றி இரும்பு ஆக்சைடு துருப்போலப் படிந்திருப்பதால் வந்த நிறம் அது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று இந்த மணலை இன்றும் நகர்த்திக்கொண்டே இருக்கிறது.

இங்கே வரலாறு கொற்கையைவிட மிகப் பழையது. தேரிகளின் அடிப்பகுதியில் சின்னச் சின்னக் கல்கருவிகள் கிடைக்கின்றன. விரல்நகம் அளவுக்கு உடைத்துச் செதுக்கிய கற்கள். சாயர்புரம், மெஞ்ஞானபுரம், குட்டம்புளி என்று பல இடங்களில் எடுத்திருக்கிறார்கள். சாயர்புரத்தில் முதலில் பொறுக்கியவர் இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை என்று சொல்லப்படும் ராபர்ட் புரூஸ் ஃபுட். 1956-ல் சாய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த இடங்களை ஒன்றாகத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். தேரிகள் பழைய கடல் மட்டத்தோடு சம்பந்தப்பட்டவை என்று காட்டி, கருவிகளுக்கு கி.மு. 4000 அளவில் காலம் சொன்னார்கள். கடலோரத்தில் மணல்மேட்டில் தங்கி, மீன் பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்தவர்கள் என்பது அவர்கள் கருத்து.

ஏன் மணல்மேட்டில் தங்க வேண்டும் என்பதற்கு அங்கேயே பதில் இருக்கிறது. அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில் இந்தத் தேரிக்குள்தான் இருக்கிறது. பெயரிலேயே சுனை. மழைத் தண்ணீரை மணல் அப்படியே உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. சுற்றி வெயில் கொளுத்தும்போது சுனையில் நல்ல தண்ணீர். உயரம், தண்ணீர், கடல் மூன்றும் ஒரே இடத்தில். நானாக இருந்தாலும் அங்கேதான் குடியிருந்திருப்பேன்.

ஒரு தப்பு செய்தேன், சொல்லிவிடுகிறேன். காலை ஒன்பது மணிக்குப் போனேன். பத்தரைக்கு மணல் காய்ந்த சட்டி மாதிரி ஆகிவிட்டது. செருப்புக்குள் மணல் புகுந்து கால் வெந்து, சறுக்கிச் சறுக்கி இறங்கி வந்தேன். மேலே நின்று கடலைப் பார்த்தது அஞ்சு நிமிஷம் இருக்கும். கிழக்கே பனங்காட்டுக்கு அப்பால் ஒரு நீலக் கோடு. அவ்வளவுதான்.

இரண்டாவது: மணப்பாடு

மணப்பாடு அப்படியில்லை. கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் மணற்பாறைக் குன்று. மணலும் சிப்பித்தூளும் சேர்ந்து இறுகிக் கல்லானது. உயரம் சில பனை அளவுதான், ஏற அஞ்சு நிமிஷம் போதும். ஆனால் மேலே போனால் மூன்று பக்கமும் கடல். கீழே ஆற்றுக்கழி, அதைக் கடலிலிருந்து பிரிக்கும் மணல்திட்டு, வெள்ளை வெள்ளையாக ஆலயங்கள்.

குன்றின் மேல் இருக்கும் திருச்சிலுவை ஆலயம் 1581-ல் கட்டியது. அதற்கு முந்தின கதையை ஊரில் எல்லோரும் சொல்வார்கள். 1540-ல் புயலில் சிக்கிய போர்த்துகீசியக் கப்பல் ஒன்று இங்கே வந்து கரை சேர்ந்ததாம். தப்பிய தலைவன் நேர்ந்துகொண்டபடி, உடைந்த பாய்மரத்திலிருந்து ஒரு சிலுவை செய்து குன்றின் மேல் நட்டானாம். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கிய குகை கடலைப் பார்த்த பக்கத்தில் இருக்கிறது. உள்ளே குனிந்து போனால் அலைச்சத்தம் மட்டும்தான். அதற்கு முன்னால் அதில் ஒரு இந்துத் துறவி இருந்தார் என்றும் சொல்கிறார்கள். செப்டம்பர் 14 திருவிழாவுக்குக் கூட்டம் நிற்க இடம் இருக்காது.

நம்பிக்கைக்கான இடம் என்பதோடு, இதைக் கப்பல் பார்க்கும் இடமாகவும் பாருங்கள். ஆலயமும் அதே குன்றில்தான், கலங்கரை விளக்கமும் அதே குன்றில்தான். வடக்கே திருச்செந்தூரிலும் இதே கதை. அறுபடை வீட்டில் மலை இல்லாத வீடு செந்தூர் என்று பலரும் சொல்வார்கள். ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கோவிலை ஒட்டி, வள்ளி குகை இருக்கும் மணற்பாறைதான் சந்தனமலை என்பார்கள். கடலரித்த அந்தப் பாறையும் மணப்பாட்டுப் பாறையும் ஒரே சாதி. தட்டையான கரையில் கொஞ்சம் உயரம் கிடைத்தால், யாராக இருந்தாலும் அதன் மேல் தங்களுக்கு முக்கியமானதைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

எதிர்க்கரையிலும் அப்படியே. மன்னாருக்குத் தெற்கே, இப்போது வில்பத்துக் காட்டுக்குள் இருக்கும் குதிரைமலை, பெயரில்தான் மலை. பார்த்தால் கடலோரச் செம்மண் மேடு. ரோமானியன் பிளினி எழுதியதில் ஒரு கதை வரும். அன்னியஸ் பிளோகமஸ் என்பவரின் ஆள் ஒருவன் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு, 15-ஆம் நாள் இலங்கையில் 'ஹிப்புரோஸ்' என்ற துறையில் ஒதுங்கினான். கிரேக்கத்தில் ஹிப்போஸ் என்றால் குதிரை. ஹிப்புரோஸ் இந்தக் குதிரைமலைதான் என்று பல ஆய்வாளர்கள் சொல்வதற்கு அதுதான் காரணம். அதற்கு வடக்கே அரிப்பில், 1800-களின் தொடக்கத்தில், முத்துக்குளிப்பைப் பார்ப்பதற்கென்றே ஆங்கிலேய ஆளுநர் பிரெடரிக் நோர்த் கடலோரத் திட்டின் மேல் ஒரு மாளிகை கட்டினார். அது இடிந்து கடலில் விழுந்துகொண்டிருக்கிறது.

மூன்றாவது: மருந்துவாழ் மலை

சரி, நிஜமாகவே கால் வலிக்கிற மலை வேண்டும் என்பவர்கள் இன்னும் தெற்கே போக வேண்டும். கன்னியாகுமரியிலிருந்து நாகர்கோவில் போகும் வழியில் பொற்றையடிக்குப் பக்கத்தில் மருந்துவாழ் மலை. மேற்குத்தொடர்ச்சி மலை கடலுக்கு முன்னால் கடைசியாகத் தலைதூக்கும் இடங்களில் ஒன்று. அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று கதை. மூலிகைக்குப் பெயர்போனது.

பாதி வழி படிக்கட்டு. பிறகு பாறைகளுக்கு இடையில் நுழைந்து, கை ஊன்றி ஏற வேண்டும். வழியில் குகைகள். பிள்ளைத்தடம் என்ற குகையில்தான் நாராயண குரு தவமிருந்தார். கேரளத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். நான் அஞ்சரை மணிக்கு ஏற ஆரம்பித்தேன். தேரியில் பாடம் கற்றுக்கொண்டவன் இல்லையா.

உச்சியில் நின்று பார்த்தால் நாடே ஒரு படம் மாதிரி விரிகிறது. தெற்கே கன்னியாகுமரி. கிழக்குக் கடலோரத்தில் 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் கட்டிய வட்டக்கோட்டை. 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூருக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாய் பலப்படுத்திய கோட்டை அது. வடக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள். கீழே குளம் குளமாகத் தண்ணீர், தென்னை, நெல். கரை வடகிழக்கே வளைந்து வளைந்து எங்கள் ஊர்ப் பக்கம் போகிறது.

அந்த வளைவைப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. குமரியிலிருந்து கொற்கைக்குப் போகும் கப்பலுக்கு மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடலுக்குத் திரும்பும் முனை இது. இங்கே மலை கரைக்கே வந்து நிற்கிறது. வடக்கே போகப் போக மலை பின்வாங்கிக்கொண்டே போகிறது. மணப்பாட்டில் 60 கிலோமீட்டர், தூத்துக்குடியில் நூறு. மாலுமிக்கு அந்தத் தூரமே ஒரு அளவுகோல்.

பார் யாருடையது?

தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1955-லிருந்து 1961 வரை. கடைசி வருஷத்தில் மாமாவுக்குப் பதிமூன்று வயது. கரையில் சிப்பியைக் குவித்து அரசாங்கம் ஏலம் விட்டதும், அழுகிய சிப்பி நாற்றம் வாரக்கணக்கில் தெருவில் நின்றதும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. மாசி, பங்குனியில் கடல் வாங்கிக் கிடக்கும் நேரம். விடியுமுன் கரைக்காற்றில் பாய் விரித்துப் போவார்கள். சூரியன் கிழக்கே எழும்பும்போது மேற்கே மலை பளிச்சென்று தெரியும். பத்து மணிக்கு மேல் மூடிவிடும். மதியம் கடற்காற்றில் திரும்பிவிடுவார்கள். நாள் முழுவதும் அந்தக் காற்றுக்கும் அந்த வெளிச்சத்துக்கும் தகுந்தபடி நடந்திருக்கிறது.

1961-க்குப் பிறகு பார்களில் குளிக்கும் அளவுக்குச் சிப்பி சேரவே இல்லை. தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973-ல் சிப்பிக்குள் செயற்கையாக முத்து விளைவித்துக் காட்டினார்கள். அது ஆய்வுக்கூடத்து வெற்றி. பாரில் சிப்பி திரும்பவில்லை.

மாமாவிடம் அவருக்குத் தெரிந்த அடையாளங்களை எழுதி வைக்கலாம் என்று கேட்டேன். முதலில் கொடுத்தவை எல்லாம் செத்துப்போன அடையாளங்கள். வெட்டப்பட்ட பனந்தோப்பு, இடிக்கப்பட்ட ஒரு பழைய மில் புகைபோக்கி. உயிரோடு இருப்பதைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுல" என்பார். அப்பா மகனுக்குச் சொல்வது அது. இன்னொரு வள்ளம் கிட்டே வந்தால் பாரை விட்டு நகர்ந்து, வேறு இடத்தில் வலை போடுவதுபோல நடிப்பார்களாம்.

எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். இப்போது யாரிடம் பார்த்தாலும் ஜிபிஎஸ், இனி ரகசியம் எதற்கு என்றேன். அதற்கு அவர் சொன்னது: "ஜிபிஎஸ்ஸு வந்து எத்தனயோ பேரு உயிரக் காப்பாத்திருக்கு. மூடம் போட்டா நாங்க திக்குத் தெரியாம கெடந்தோம். அது நல்லதுதான். ஆனா நம்பரு எழுதுன துண்டுச் சீட்டு ஒருத்தன் கையில கெடச்சா நூறு போட்டு அங்க வந்துருதே. மலைய பாத்து வாறதுக்கு பத்து வருசம் கூட வரணும். அந்தப் பத்து வருசத்துல பாரு மேல அவனுக்கும் ஒரு பாசம் வந்துரும்."

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. அடையாளம் சிலருக்கு மட்டும் தெரிந்திருந்தபோது, பாரின் மேல் விழுந்த பாரமும் அளவாக இருந்தது. முத்து அழிந்ததற்கு இது மட்டும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு இடத்தை எப்படித் தெரிந்துகொள்கிறோம் என்பதற்கும் அதை எப்படி நடத்துகிறோம் என்பதற்கும் தொடர்பு உண்டு. மலையேறப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். இடத்தைப் போனில் குறித்து அனுப்பிவிட்டால் நூறு பேர் வருவார்கள். மருந்துவாழ் மலைப் படிகளில் கிடந்த தண்ணீர் பாட்டில்கள் என் கண்முன்னால் நிற்கின்றன.

கார்த்திகையில் இரண்டு நாள் மழை விட்ட மறுநாள், சென்னை நண்பரையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு மணப்பாட்டுக்குப் போனேன். விடிந்து ஒரு அரைமணி நேரம் இருக்கும். நண்பர் கிழக்கே கடலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் மேற்கே திரும்பினேன். உடன்குடிப் பக்கம் கட்டுமானக் கிரேன்கள். இந்தப் பக்கம் குலசேகரப்பட்டினத்தில் 2024-ல் அடிக்கல் நாட்டிய ராக்கெட் ஏவுதளத்து நிலம். அதற்கெல்லாம் பின்னால், நீலமாக, சுத்தமாக, மகேந்திரகிரி. அதன் அடிவாரத்தில்தான் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். அங்கே சோதித்த எஞ்சின் ஒரு நாள் இந்தக் கரையிலிருந்து கிளம்பலாம். அனுமன் கதை சொன்னவர்களுக்கு அது பிடித்திருக்கும்.

மாமாவுக்குக் கண்ணில் புரை. ஆபரேஷன் வேண்டாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார். "உச்சி தெரியுதா?" என்று கேட்டார். தெரிகிறது என்றேன். "கோவில் குருசுக்கு எந்தப் பக்கம்?" சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என் கையைப் பிடித்து, கடலுக்கு நேராகத் திருப்பி, ஒரு பாருக்கு உண்டான இரண்டு ஜோடி அடையாளத்தையும் சொன்னார். எழுதிக்கொண்டேன். அதை இங்கே போடப் போவதில்லை.

போக நினைக்கிறவர்களுக்கு: தேரிக்கு விடியும்போதே போய் எட்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள். அது வனத்துறைக் காடு, கல் கருவி எதுவும் கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள். மருந்துவாழ் மலையில் குரங்குகள் பையைப் பிடுங்கும், தண்ணீரை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், காலி பாட்டிலைக் கீழே கொண்டுவாருங்கள். மணப்பாட்டுக்கு மழை ஓய்ந்த மறுநாள் காலை போங்கள். கடலைப் பார்த்து முடித்த பிறகு, ஒரு தடவை மேற்கேயும் திரும்பிப் பாருங்கள்.